நாற்பது வயதுக்கு மேல் ஒரு நல்ல பழக்கத்தை நடுவது எப்படி

மன்னார்குடியில் ஒரு அரிசி ஆலையில் கணக்கு எழுதுகிறேன். வயது 48. வீட்டுக்காரருக்குப் பாமணியாற்றுப் பாசனத்தில் பத்து மா நிலம். வீட்டில் அத்தை, நாங்கள் இருவர், கல்லூரி போகும் மகள், பத்தாம் வகுப்பு படிக்கும் மகன். குடும்பக் கணக்கை முதலில் சொல்லக் காரணம் உண்டு. யார் உலை வைக்கிறார்கள், யார் எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறார்கள், காப்பித்தூள் டப்பாவுக்குப் பக்கத்தில் என்ன டப்பா இருக்கிறது என்பதையெல்லாம் பார்க்காமல் ஒருவர் தன் பழக்கத்தை மட்டும் தனியாக மாற்ற முடியாது. நான் முயன்று தோற்றிருக்கிறேன்.

என் அம்மாவுக்கு நீண்ட காலமாகச் சர்க்கரை நோய். 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் எங்கள் பக்கத்தைப் புரட்டிப் போட்டது. தென்னையும் மின்கம்பமும் தெருவில் குறுக்கே கிடந்தன. மின்சாரம் வரப் பல நாளாயிற்று. அம்மாவின் இன்சுலினை டப்பாவில் போட்டு மூடி, மண்பானைத் தண்ணீரில் வைத்துக் காப்பாற்றினோம். ஆனால் காலைக் காப்பாற்றவில்லை. விழுந்த கிளைகளுக்கு நடுவே செருப்பில்லாமல் நடந்தவருக்குப் பாதத்தில் ஏதோ குத்தியிருக்கிறது. அவருக்கு வலிக்கவே இல்லை. மூன்றாம் நாள் தரையில் கறையைப் பார்த்துத்தான் நாங்கள் காலைத் திருப்பிப் பார்த்தோம். கடைசியில் வலது கட்டைவிரலை எடுக்க வேண்டியதாயிற்று. கட்டுப் பிரித்த நாளில் அம்மா அழவில்லை, நான்தான் அழுதேன்.

2022-இல் எனக்கே பரிசோதனை செய்தார்கள். வெறும் வயிற்றில் ரத்தச் சர்க்கரை 118. மூன்று மாதச் சராசரி காட்டும் எச்பிஏ1சி 6.2. வெறும் வயிற்றில் 100 முதல் 125 வரையும், எச்பிஏ1சி 5.7 முதல் 6.4 வரையும் இருந்தால் நோய்க்கு முந்தைய நிலை. அதற்கு மேல் போனால் நோய். இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10.1 கோடி, முந்தைய நிலையில் இருப்பவர்கள் 13.6 கோடி என்று 2023-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவின் ஆய்வு வந்தது. அந்த 13.6 கோடியில் நானும் ஒருத்தி.

எனக்குத் தெம்பு கொடுத்தது வேறொரு கணக்கு. சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர், என்னைப் போல எல்லையில் நின்ற 531 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2006-இல் வெளியானது. பொதுவான அறிவுரையோடு விடப்பட்டவர்களில் மூன்று ஆண்டில் நூற்றுக்கு 55 பேருக்கு நோய் வந்தது. சாப்பாட்டையும் நடையையும் மாற்றிக்கொண்டவர்களில் நூற்றுக்கு 39 பேருக்குத்தான் வந்தது. நம்மைப் போலச் சோறு தின்கிற, நம் மண்ணில் வாழ்கிற மனிதர்கள் அவர்கள். நூற்றுக்குப் பதினாறு பேர் கூடுதலாகத் தப்பியிருக்கிறார்கள். அந்தப் பதினாறு பேரில் ஒருத்தியாக இருக்க வேண்டும் என்றுதான் தொடங்கினேன்.

ஒன்றை மட்டும் எடுங்கள்

முதல் முயற்சியில் எல்லாவற்றையும் ஒரே நாளில் ஆரம்பித்தேன். காலை ஐந்து மணிக்கு ஹரித்ராநதித் தெப்பக்குளத்தைச் சுற்றி நடை, சர்க்கரை இல்லாத காப்பி, இரவில் கேழ்வரகுக் கூழ், வாட்ஸ்அப்பில் வந்த ஏதோ ஒரு கஷாயம். ஒரு மாதம் ஓடியது. தை பிறந்தது, சம்பா அறுப்பு தொடங்கியது, ஆலையில் நெல் லாரி வரிசை கட்டியது. வீடு திரும்ப இரவு பத்தாகும். காலை ஐந்துக்கு எழ முடியவில்லை. நடை போனதும் அதோடு சேர்த்துக் கட்டியிருந்த மற்றதெல்லாமும் போயிற்று.

அடுத்த முறை ஒன்றே ஒன்றை எடுத்தேன்: இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு பத்து நிமிடம் நடப்பது. தெருக்கோடிப் பிள்ளையார் கோயில் வரை போய்த் திரும்புவது. இதை ஏன் எடுத்தேன் என்றால், சாப்பிட்டதும் ரத்தத்தில் சர்க்கரை ஏறுகிற நேரத்தில் நடந்தால், வேலை செய்கிற கால் தசைகள் அதை எடுத்துக்கொள்ளும். காலையில் ஒரு மணி நேரம் நடக்க முடியாதவர்களுக்கு இந்தப் பத்து நிமிடம் பெரிய உதவி.

இனி சொல்வதுதான் எனக்குப் பிடிபட நாளான விஷயம். புதுப் பழக்கத்தைக் கடிகாரத்தோடு கட்டாதீர்கள்; தினமும் தவறாமல் செய்கிற ஒரு கைவேலையின் வாலில் கட்டுங்கள். 'சாப்பிட்ட பிறகு நடப்பேன்' என்று சொல்லிப் பார்த்தேன், பலிக்கவில்லை. சாப்பிட்ட பிறகு பாத்திரம் இருக்கிறது, மகனின் சீருடை இருக்கிறது, சீரியல் இருக்கிறது. பிறகு இப்படி மாற்றினேன்: அடுப்பு மேடையைத் துடைத்த துணியைப் பிழிந்து கொடியில் போட்டதும் செருப்பை மாட்ட வேண்டும். மேடை துடைக்காமல் நான் படுத்ததே கிடையாது. துணியைக் கொடியில் போடுகிற அந்த ஒரு நொடி தினமும் வந்தே தீரும். உங்களுக்கும் இப்படி ஒன்று இருக்கும். விளக்கேற்றுவது, மோட்டார் போடுவது, கடை ஷட்டரை இறக்குவது, மாட்டுக்குத் தண்ணி காட்டுவது. அதைத் தேடிப் பிடியுங்கள்.

எத்தனை நாளில் பழகும்? 21 நாள் என்று ஊரெல்லாம் சொல்கிறார்கள். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பிலிப்பா லாலி என்பவரும் உடன் இருந்தவர்களும் 96 பேரைப் பன்னிரண்டு வாரம் கவனித்து எழுதிய ஆய்வில் சராசரி 66 நாள் என்று வந்தது. ஆளுக்கு ஆள், பழக்கத்துக்குப் பழக்கம் 18 முதல் 254 நாள் வரை கூட விரிந்தது. இடையில் ஒரு நாள் விட்டுப்போனதால் பழக்கம் கெடவில்லை என்றும் கண்டார்கள். எனக்கு மூன்றாம் மாதத்தில்தான் பிடித்தது. ஒரு நாள் இரவு நல்ல மழை. துணியைப் போட்டுவிட்டு நிமிர்ந்தால் நான் வாசலில் நிற்கிறேன், கால் செருப்புக்குள் இருக்கிறது. அன்று திண்ணையிலேயே முன்னும் பின்னுமாக நடந்தேன்.

தண்ணீர் வருமுன் தூர் வாருங்கள்

மேட்டூரை ஜூன் 12-இல் திறப்பது மரபு. மடை திறந்த பிறகு மண்வெட்டி எடுத்தால் கடைமடைக்குத் தண்ணீர் வராது, அதற்கு முன்பே வாய்க்கால் சுத்தமாக இருக்க வேண்டும். நாளும் அப்படித்தான். களைத்துப்போன நேரத்தில் எது கைக்கு எட்டுகிறதோ அதைத்தான் செய்வோம். ஆகவே களைப்பு வருவதற்கு முன்பே வழியைச் சுத்தம் செய்து வைத்துவிட வேண்டும்.

என் செருப்பும் டார்ச் லைட்டும் வாசல் நிலைக்குப் பக்கத்தில் இருக்கும், வேறெங்கும் போகாது. (இரவில் நடக்கிறவர்கள் டார்ச் இல்லாமல் தெருவில் இறங்காதீர்கள். நம் பக்கம் கட்டுவிரியனும் கண்ணாடிவிரியனும் சாதாரணம்.) மறுநாள் பொரியலுக்கான காயை இரவே நறுக்கி டப்பாவில் போட்டு ஃபிரிஜில் வைக்கிறேன். காலையில் காய் நறுக்க நேரமில்லாத நாளில்தான் அப்பளமும் ஊறுகாயும் தட்டுக்கு வருகின்றன. மிக்சர் டப்பாவைக் கண்ணுக்கு நேரான தட்டிலிருந்து எடுத்துப் பரண் மேல் வைத்தேன். அது இருந்த இடத்தில் வேர்க்கடலை டப்பா. மகன் பரணில் ஏறி மிக்சர் எடுக்கத்தான் செய்கிறான், ஆனால் தினமும் ஏறுவதில்லை.

பாக்கெட்டில் தேதி எழுதுங்கள்

கணக்கெழுதுகிறவள் என்பதால் எனக்கு வந்த யோசனை இது. உப்பு, சர்க்கரை, எண்ணெய் எதைப் பிரித்தாலும் பாக்கெட்டின் மேல் பேனாவால் அன்றைய தேதியை எழுதிவிடுங்கள். தீர்ந்த நாளில் கழித்துப் பாருங்கள். உலக சுகாதார நிறுவனம் ஒருவருக்கு நாளைக்கு உப்பு 5 கிராமுக்குள் என்கிறது. ஐந்து பேர் இருக்கும் வீட்டில் ஒரு கிலோ உப்பு 40 நாள் வர வேண்டும். எங்கள் வீட்டில் 19 நாளில் தீர்ந்தது. மீன் அலச, புளி ஊற வைக்க என்று கொஞ்சம் கழித்தாலும், ஊறுகாயிலும் கருவாட்டிலும் இருக்கிற உப்பு இந்தக் கணக்கில் சேரவே இல்லை. யாரையும் குற்றம் சொல்லாமல் பாக்கெட்டை அத்தையிடம் காட்டினேன். அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "மோருக்குப் போடுறத நிறுத்திப்புடுவோம்" என்றார். அங்கிருந்து தொடங்கினோம். இப்போது 31 நாள் வருகிறது.

காப்பிக்கும் இதே கணக்குதான். நாளைக்கு நான்கு காப்பி, ஒவ்வொன்றுக்கும் இரண்டு தேக்கரண்டி சர்க்கரை. கரண்டிக்கு 4 கிராம் என்றாலும் 32 கிராம். 25 கிராமுக்குள் இருப்பது நல்லது என்கிறார்கள், நான் காப்பியிலேயே அதைத் தாண்டியிருந்தேன். ஒரே நாளில் நிறுத்தினால் நாக்கு ஏற்காது. பதினைந்து நாளுக்கு ஒருமுறை கால் கரண்டி குறைத்தேன். நான்கு காப்பியை இரண்டாக்கினேன். ஆலைக்கு வரும் டீக்கார அண்ணனிடம் முதல் நாளே, "அண்ணே, எனக்கு இனிமே அரைச் சக்கரதான், மறந்துடாதீங்க" என்று சொல்லிவைத்தேன். ஆறு மாதத்தில் அவரே "ஒங்களுக்குச் சக்கர இல்லாதது தனியா வச்சிருக்கேம்மா" என்று நீட்டினார். வெளியில் குடிப்பவர்கள் கடைக்காரரையும் நம் பக்கம் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

சோறு

நெல் விளைகிற ஊரில் சோற்றைக் குறை என்று சொல்வது லேசான காரியம் இல்லை. காலையில் இட்லி, மதியம் சாதம், இரவு தோசை என்று மூன்று வேளையும் அரிசிதான். நான் அரிசிக்கு எதிரி இல்லை, என் சம்பளமே அதில்தான் வருகிறது. ஆனால் தீட்டத் தீட்டத் தவிடு தனி மூட்டையாக எண்ணெய் ஆலைக்குப் போவதைத் தினமும் பார்க்கிறேன். நார்ச்சத்தும் தயாமினும் அந்த மூட்டையில் போகின்றன, வெள்ளை வெளேர் என்ற மாவுச்சத்து நம் தட்டுக்கு வருகிறது.

திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் நடத்திய நெல் திருவிழாக்களால் மாப்பிள்ளைச் சம்பாவும் கருப்புக் கவுனியும் மறுபடி வீடுகளுக்குள் வந்தன. அவர் 2018-இல் காலமானார். அவர் மீட்ட விதைகள் இன்னும் வயலில் நிற்கின்றன. நாங்களும் ஒரு மா அளவுக்கு மாப்பிள்ளைச் சம்பா போடுகிறோம். வாரம் மூன்று நாள் அதுதான் சோறு. ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும்: சிவப்பாக இருக்கிறது, பாரம்பரியம் என்பதற்காக அளவில்லாமல் சாப்பிடக் கூடாது. அதுவும் அரிசிதான், அதுவும் சர்க்கரையாகத்தான் மாறும், கொஞ்சம் நிதானமாக மாறும் அவ்வளவே.

ஆகவே அளவிலிருந்து ஆரம்பியுங்கள். எங்கள் வீட்டில் மதியத்துக்கு ஐந்து ஆழாக்கு அரிசி போடுவது வழக்கம். ஒரே நாளில் குறைத்திருந்தால் சண்டை வந்திருக்கும். மாதம் அரை ஆழாக்காகக் குறைத்து மூன்றரைக்கு வந்தோம். குறைந்த இடத்தில் காய் வந்தது. தை மாதம் சம்பா அறுப்புக்குச் சில நாள் முன்பு ஈரமண்ணில் தெளிக்கிற உளுந்தையும் பச்சைப்பயறையும் முன்பெல்லாம் ஒரு மணி விடாமல் விற்றுவிடுவோம். இப்போது இருபது கிலோ பயறு வீட்டுக்கு என்று எடுத்து வைக்கிறேன். முளைகட்டிய பயறு, கீரைக் கூட்டு, முருங்கைக்கீரைப் பொரியல் என்று தட்டில் பாதி இவையாக இருக்கும். முதலில் காயையும் பயறையும் சாப்பிட்டுவிட்டுப் பிறகு சோற்றுக்குப் போகிறேன். வயிறு பாதி நிறைந்த பிறகு சோறு எடுத்தால் கை தானாக நிதானிக்கிறது.

அத்தை முதலில் ஒப்பவில்லை. "வயல்ல வேலை செய்யிறவன் வயித்தக் காயப்போடுவியா?" என்றார். அவர் கேட்டது நியாயம். நாற்றங்காலில் குனிந்து நிமிர்கிறவருக்கும், நாற்காலியில் ஒன்பது மணி நேரம் உட்கார்கிறவளுக்கும் ஒரே அளவு பொருந்தாது. வீட்டுக்காரருக்கு நடவு, அறுப்பு நாட்களில் அதிகம்தான் வைக்கிறேன். குடும்பத்துக்கு ஒரே சட்டம் போடாதீர்கள்.

உறவினர் வீட்டில் மறுப்பது தனிக் கலை. காதுகுத்து, வளைகாப்பு, கிரகப்பிரவேசம் எங்கு போனாலும் இலையில் இனிப்பு விழும். "எனக்குச் சுகர் வரப்போகுது, வேண்டாம்" என்றால் பந்தியே நம்மைப் பார்க்கும், அடுத்த அரை மணி நேரம் வைத்தியம் சொல்லும். நான் மறுப்பதில்லை. முதலில் வைக்கிற இனிப்பில் ஒரு வாய் எடுத்து, "அக்கா, நல்லா பதமா இருக்கு" என்று மனதாரச் சொல்வேன். இரண்டாம் முறை வரும்போது இலை மேல் கையை வைத்து, "இப்பத்தான் சாப்பிட்டேன், கூட்டு இன்னும் ஒரு கரண்டி வைங்க" என்பேன். வைக்கிறவருக்குத் தேவை, நாம் ஒன்றைக் கேட்டு வாங்கிச் சாப்பிட வேண்டும் என்பதுதான். அது கூட்டாக இருந்தாலும் அவருக்கு நிறைவு.

உட்காரும் வேலைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை: போன் வந்தால் எழுந்து நின்று பேசுங்கள். எடைமேடைச் சீட்டை எடுத்துவரப் பையனை அனுப்பிக்கொண்டிருந்தேன், இப்போது நானே போகிறேன். தூக்கத்துக்கு நான் செய்தது ஒன்றே, போன் சார்ஜர் படுக்கையறையில் கிடையாது, கூடத்தில்தான்.

புகையிலை பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வீட்டுக்காரர் இருபது வருடம் வெற்றிலையோடு புகையிலை போட்டவர். வயலில் ஆட்களோடு உட்கார்ந்தால் பை திறக்கும், அதுதான் அவருடைய பழக்கத்தைத் தினமும் இழுத்துவிடுகிற கொக்கி. பையை நிறுத்த முடியவில்லை, பைக்குள் இருப்பதை மாற்றினோம். கிராம்பு, ஏலக்காய், சோம்பு. அரசின் புகையிலை கைவிடல் உதவி எண் 1800-11-2356, கட்டணம் இல்லை; இரண்டு முறை பேசினார். புகையிலை நின்று ஒன்றரை வருடம் ஆகிறது. பாக்கு இன்னும் முழுதாகப் போகவில்லை. பாக்கும் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்றுதான் உலக அளவிலேயே வகைப்படுத்தியிருக்கிறார்கள். ஆகவே அதையும் விடும்வரை நான் கேட்டுக்கொண்டேதான் இருப்பேன்.

அறுப்புக் காலத்துக்கு ஒரு சின்ன அளவு

என் முதல் முயற்சி அறுப்பில்தான் செத்தது என்றேன். நம் ஊரில் வருடம் ஒரே சீராக ஓடாது. குறுவை அறுப்பு, ஐப்பசி கார்த்திகை அடைமழை, தையில் சம்பா அறுப்பு, சித்திரை வெயில். ஒவ்வொன்றும் பழக்கத்தை உடைக்கும். அது உடையும் என்று தெரிந்தே முன்கூட்டித் திட்டமிடுங்கள். ஒவ்வொரு பழக்கத்துக்கும் இரண்டு அளவு வைத்துக்கொள்ளுங்கள், சாதாரண நாளுக்கு ஒன்று, நெருக்கடி நாளுக்கு ஒன்று. நடைக்கு என் நெருக்கடி அளவு மூன்று நிமிடம். இரவு பத்தரைக்கு ஆலையிலிருந்து வந்தாலும் வாசலிலிருந்து நான்காவது வீடு வரை போய்த் திரும்பிவிடுவேன். மூன்று நிமிடத்தால் உடம்புக்குப் பெரிதாக ஒன்றும் ஆகாது. துணியைக் கொடியில் போட்டால் செருப்பு என்ற தொடர்பு அறாமல் இருக்கும், அதற்காகத்தான். நெருக்கடி தீர்ந்ததும் முழு அளவுக்குத் திரும்பிவிடுகிறேன். ஒரு நாள் தவறினால் நாள்காட்டித் தாளில் குறிக்காமல் விடுகிறேன். மறுநாள் அது எப்படிப்பட்ட நாளானாலும் அந்த மூன்று நிமிடத்தை விடுவதில்லை.

இரவு நடை நிலைத்துவிட்ட பிறகுதான் அடுத்ததைச் சேர்த்தேன். இப்போது காலையில் தெப்பக்குளத்தை இரண்டு சுற்று. 23 ஏக்கர் குளம், ஒரு சுற்றுக்கு எனக்குக் கால் மணி நேரம். வாரத்துக்கு 150 நிமிட நடை வேண்டும் என்பது பொதுவான அளவு. இரவையும் சேர்த்தால் தாண்டிவிடும். இதற்கு மார்கழியில் ஆரம்பியுங்கள். கோலம் போட எப்படியும் எழுந்திருப்போம், குளிரும் இதமாக இருக்கும், தெருவில் ஆள் நடமாட்டம் உண்டு. சித்திரையில் ஆரம்பித்தவர்கள் பலர் ஒரு வாரத்தில் விட்டதைப் பார்த்திருக்கிறேன்.

ஒரு வருடத்தில் என் எச்பிஏ1சி 5.8-க்கு வந்தது. எடை ஐந்து கிலோ குறைந்தது. அத்தைக்கு 74 வயது. பிள்ளையார் கோயில் வரை அவரும் வருகிறார்.

ஏற்கெனவே மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் சோற்றைக் குறைப்பதற்கு முன் டாக்டரிடம் சொல்லுங்கள், இல்லாவிட்டால் சர்க்கரை திடீரென இறங்கி மயக்கம் வரலாம். நன்றாக இருக்கிறது என்று மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே மாத்திரை வருகிறது, ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். சர்க்கரை இருப்பவர்கள் வீட்டுக்குள்ளும் செருப்பு போடுங்கள், படுக்கும் முன் பாதத்தைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள். வலி சொல்லும் என்று காத்திருக்காதீர்கள். என் அம்மாவுக்கு அது சொல்லவில்லை.

இப்போது நான் நடுவது தசைக்கான பயிற்சி. வாரம் இரண்டு நாளாவது வேண்டும் என்கிறார்கள். இட்லிப் பானையை மூடியதும் ஆரம்பம், அதுதான் கொக்கி. நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, கை ஊன்றாமல் எழுந்து உட்கார வேண்டும், பத்து முறை. கொஞ்சம் நின்று இன்னொரு பத்து. பிறகு சுவரில் இரண்டு கையையும் வைத்துச் சாய்ந்து தள்ளுவது பத்து. முழங்கால் வலி இருந்தால் நாற்காலியில் ஒரு தலையணை போட்டு உயரத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள். இட்லி வேக எடுக்கும் நேரத்துக்குள் முடிந்துவிடுகிறது. தொடங்கி நாற்பது நாள் ஆகிறது, இன்னும் பழகவில்லை.